மீனம்மாவின் மன்னிப்புக் கடிதம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிம்பாங் அம்பாட்டில் உள்ள ஹனிபாவின் மளிகைக் கடைக்கு, அரிசி பருப்பு வாங்க வருகிறவர்களைவிடக் கடிதம் எழுதிக்கொண்டு போக வருகிறவர்கள்தான் அதிகம். சுற்றியிருக்கும் செம்பனைத் தோட்டங்களில் யாருக்காவது அரசாங்கத்திலிருந்து ஒரு தாள் வந்துவிட்டால் நேராக இங்கேதான் கொண்டு வருவார்கள். சமூகநல உதவிக்கு விண்ணப்பம், தொலைந்த அடையாள அட்டைக்குப் புகார், மருத்துவமனைத் தேதியை மாற்றக் கடுதாசி என்று எதுவானாலும் ஹனிபா அரசாங்க மொழியான மலாயில் மணிமணியாக எழுதிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். வாங்குவதில்லை என்பதை நாலு பேர் காதில் விழும்படி சொல்லவும் மறக்க மாட்டார்.

நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்வதற்கில்லை. மகள் ஃபாத்திஹா படிக்கும் இடைநிலைப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணைத் தலைவர். விளையாட்டுப் போட்டி என்றால் கூடாரமும் பிரியாணியும் அவர் பொறுப்பு. பள்ளி முதல்வர் அவரை 'ஹாஜி' என்றுதான் அழைப்பார். ஹனிபா இன்னும் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. ஆனாலும் ஒருநாள்கூட அவர் அதைத் திருத்தியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஆளாக வந்து நின்றாள் மீனம்மா. ரெம்பியா போகும் வழியில் ஒரு தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவளுக்கு. கணவர் காந்தன் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் இருக்க மாட்டார். போன வருஷம் மாமியாருக்கு முதியோர் உதவி கிடைத்தது ஹனிபா எழுதிய கடிதத்தால்தான் என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருப்பவள் அவள். வரும்போதெல்லாம் ஏதாவது கொண்டு வருவாள். இன்றைக்கு ஒரு பை மரவள்ளிக்கிழங்கு.

"வாங்கம்மா, உக்காருங்க. என்ன, மறுபடியும் வெல்ஃபேர் லெட்டரா?"

"இல்ல பாய். ஸ்கூல்லேருந்து வந்திருக்கு. எனக்குத் தமிழ் மட்டுந்தான் படிக்க வரும். எல்லாத்தையும் மக ஷாமினிதான் படிச்சுச் சொல்லும். இத மட்டும் கையாலயும் தொட மாட்டேங்குது."

ஹனிபா உறையைப் பிரித்தார். மேலே இருந்த சின்னம் ஃபாத்திஹா படிக்கும் பள்ளியுடையது.

ஐந்தாம் படிவ மாணவி ஷாமினி, தந்தை பெயர் காந்தன், பள்ளிக்கு வேப் என்கிற மின்சிகரெட் கொண்டு வந்ததாகவும், மற்ற மாணவிகளுக்குக் கொடுத்ததாகவும், மூன்று முறை விசாரித்தும் ஒப்புக்கொள்ள மறுத்ததாகவும் அதில் எழுதியிருந்தது. ஏற்கெனவே பதினான்கு நாள் இடைநீக்கம் கொடுத்தாகிவிட்டது. பள்ளியை விட்டே ஏன் நீக்கக் கூடாது என்பதற்குப் பெற்றோர் எழுத்தில் விளக்கம் கொண்டு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரில் வர வேண்டும்.

திங்கட்கிழமை என்றால் நாளைக்கு.

ஹனிபாவுக்கு இந்த விஷயம் புதிது இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, கட்டொழுங்கு ஆசிரியர் திருச்செல்வம் அவருக்குப் போன் செய்தார். "பாய், கொஞ்சம் ஸ்கூல் வரைக்கும் வாங்க. டாய்லட்ல ஸ்பாட் செக் பண்ணோம். உங்க மகளும் இன்னொரு பொண்ணும் இருந்தாங்க. வேப் ஒண்ணு கெடச்சிருக்கு." ஹனிபா பள்ளிக்குப் போகவில்லை. போனை வைத்துவிட்டு, அதே கையோடு முதல்வரை அழைத்தார். மகள் நல்ல பிள்ளை, ஏதோ கூடாத சேர்க்கை, இது பள்ளியிறுதி எஸ்.பி.எம் தேர்வு எழுதுகிற வருஷம், அவள் பெயர் மட்டும் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். முதல்வரும், கவலைப்படாதீர்கள் ஹாஜி என்றார். மொத்தப் பேச்சும் இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

அன்று சாயங்காலமே ஃபாத்திஹா அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டாள். வேப் அவளுடையதுதான், இணையத்தில் வாங்கியது. ஹனிபா கத்தினார், மகளின் கைப்பேசியை ஒரு மாதத்துக்குப் பிடுங்கி வைத்தார், வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது என்று ஐந்தாம் நாளே திருப்பிக் கொடுத்தார். கூட மாட்டிய இன்னொரு பெண் யார், அவளை என்ன செய்தார்கள் என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. பெயர் தெரியாமல் இருந்தது அவருக்கு ரொம்ப வசதியாக இருந்தது. பிடிபட்டவர்கள் இரண்டு பேர், அதில் ஒரு பெயரை எடுத்துவிட்டால் எல்லாப் பழியும் யார் தலையில் விழும் என்பது கடை நடத்துகிற மனிதருக்குப் புரியாத கணக்கா என்ன?

இப்போது அந்தப் பெண்ணின் தாய், மடியில் கிழங்குப் பையோடு, எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பாய் போட்டிருக்கு?"

அவர் சொன்னார். சொல்லும்போது கண்கள் தாளைவிட்டு நகரவில்லை.

"அதான் பாய், அந்தத் திருச்செல்வம் சாரும் சொன்னாரு. ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா பாத்துச் செய்யலாம்னு. நீங்க எழுதுங்க. என் மகதான் கொண்டு போனா, புத்தி கெட்டுப்போயி செஞ்சிட்டா, இந்த ஒரு தடவ மன்னிச்சிடுங்கன்னு நல்லா வணக்கமா எழுதுங்க."

"ஷாமினி ஒத்துக்கிச்சா?"

"எங்க பாய். அன்னிக்கே ரப்பர் குழாய எடுத்து அடிச்சிட்டேன். முதுகெல்லாம் தடிச்சுப் போச்சு. அப்பவும் 'நான் ஊதவே இல்லம்மா, அது என்னோடது இல்லம்மா'ன்னு அதே பாட்டுத்தான். பள்ளிக்கூடத்துல அத்தனை டீச்சர் சொல்றாங்க, அவங்கள்லாம் பொய்யா சொல்வாங்க? கூட ஒரு பொண்ணு இருந்துச்சாமே, யாரு அதுன்னு கேட்டேன். சொல்ல மாட்டேங்கிறா. பேரச் சொன்னா நாளைக்கு நீ உதவின்னு போயி நிக்க ஒரு எடம் இல்லாமப் போயிடும்மாங்கிறா. என்ன பேச்சு இது? எனக்கு ஒண்ணும் வெளங்கல பாய்."

ஹனிபாவுக்கு விளங்கியது. மீனம்மா உதவி என்று போய் நிற்கிற இடம் அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான். அது இந்தக் கடை, இந்த மேசை. தாய்க்கு அந்த இடம் போய்விடக் கூடாதே என்று பதினேழு வயசுப் பெண் முதுகில் அடியை வாங்கிக்கொண்டு வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்த நொடியிலேயே அவர் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அடுத்த கடிதத்துக்குக் காத்து உட்கார்ந்திருந்த கிழவர் கேட்பாரே, நாளைக்குள் ரெம்பியா வரைக்கும் பேச்சுப் போய்விடுமே என்று தோன்றியது. பேனாவை எடுத்தார். இருபது வருஷமாக யோசிக்காமல் எழுதிக்கொண்டிருந்த கை அன்றைக்கு முதல் வரியிலேயே மூன்று தாளை வீணாக்கியது. கடைசியில் எழுதித்தான் முடித்தார். 'என் மகளின் குற்றத்தை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்' என்ற வரியை மலாயில் எவ்வளவு பணிவாக எழுத முடியுமோ அவ்வளவு பணிவாக எழுதினார். மீனம்மா அதன் கீழே தமிழில் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

"நீங்க எழுதினா நடக்கும் பாய். அந்தக் கைராசி எனக்குத் தெரியும்."

பையை மேசையில் வைத்துவிட்டு, கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திக்கொண்டு போனாள். அடுத்த கிழவருக்கு ஹனிபா ஏதோ எழுதிக் கொடுத்தார். என்ன எழுதினோம் என்று அவருக்கே நினைவில்லை.

மத்தியானம் கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மனைவி சகீனா கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பூ போட்டு வைத்திருந்தாள். ஃபாத்திஹா ஒரு துண்டைக் கடித்துக்கொண்டே, "யாரு அத்தா குடுத்தா?" என்றாள்.

"மீனம்மா. ஷாமினியோட அம்மா."

ஃபாத்திஹா மெல்லுவதை நிறுத்திவிட்டாள். பிறகு அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவ எதுக்கு அன்னிக்கு டாய்லட்டுக்கு வந்தான்னு தெரியுமா அத்தா?"

"எதுக்கு?"

"என்னைக் கூப்பிட வந்தா. டீச்சருங்க செக் பண்ண வர்றாங்க, தூக்கிப் போட்டுட்டு வா லா ஃபாத்திஹான்னு சொல்ல ஓடி வந்தா. அதுக்குள்ள அவங்க வந்துட்டாங்க. அவ ஊதவே இல்ல. அவளுக்கு அந்த வாடையே புடிக்காது."

ஹனிபா கையைக் கழுவாமலே எழுந்து நின்றார். "இத ஏன் அப்பவே சொல்லல நீ?"

"சொல்றேன்னுதான் சொன்னேன். சார்கிட்டப் போயி ஒத்துக்கிறேன்னு சொன்னேன். நீங்கதான் 'வாயத் தொறந்தே, காலேஜு கனவையெல்லாம் மறந்துடு'ன்னு சொன்னீங்க." அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "இப்ப கிளாஸ்ல யாரும் எங்கூடப் பேசறதில்ல அத்தா. எல்லாருக்கும் தெரியும். டீச்சருங்க மட்டுந்தான் தெரியாத மாதிரி இருக்காங்க."

மகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று மூன்று வாரமாக நெஞ்சை நிமிர்த்தி நடந்த மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் திருந்த வந்த நேரத்தில் அவளைப் பிடித்து இழுத்து மறைத்து வைத்தது அவர்தான். காலையில் அந்தத் தாயிடம் பொய்க் கையெழுத்து வாங்கியதும் அவர்தான். வேப் ஊதியது பிள்ளையின் தப்பு, மற்றதெல்லாம் அவருடையது.

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போறோம். நீயும் நானும்."

சகீனா பதறினாள். "ஏங்க, பொம்பளப் புள்ள பேரு கெட்டுப்போயிடும். முதல்வர்கிட்ட மறுபடியும் பேசுங்க. ரெண்டு பேரையும் விட்டுடச் சொல்லுங்க. யாருக்கும் கஷ்டம் இல்லாமப் போகட்டும்."

"அந்தப் புள்ளையும் பொம்பளப் புள்ளதான் சகீனா. அது பேரு கெட்டு மூணு வாரமாச்சு."

திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கெல்லாம் முதல்வர் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் மீனம்மா உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். பக்கத்தில் ஷாமினி பள்ளிச் சீருடையில், சுவரில் சாயாமல், முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தாள். ஏன் சாயவில்லை என்று ஹனிபாவுக்குத் தெரியும். அவரைக் கண்டதும் மீனம்மா எழுந்து நின்றாள். முகம் மலர்ந்துவிட்டது.

"எனக்காகக் கடையப் போட்டுட்டு வந்தீங்களா பாய்? நீங்க கூட இருந்தா போதும், எனக்குத் தைரியமா இருக்கும்."

அறைந்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"மீனம்மா, அந்த லெட்டரக் குடுக்காதீங்க. அதுல உள்ளது பொய்யி. வேப்பு உங்க மகளோடது இல்ல. என் மகளோடது."

மீனம்மா அவரையும், அவர் பின்னால் தலைகுனிந்து நின்ற ஃபாத்திஹாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மெதுவாகத்தான் அவளுக்கு உறைத்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும் பாய்?"

"அன்னிக்கே."

"அப்ப நேத்து எழுதறப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

மீனம்மா கையிலிருந்த உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் கதவு திறந்து உள்ளே வரச் சொன்னார்கள்.

உள்ளே முதல்வரும் திருச்செல்வமும் இருந்தார்கள். முதல்வர் ஹனிபாவைப் பார்த்ததும் சிரித்து, நாற்காலி போடச் சொன்னார். ஹனிபா உட்காரவில்லை. மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். தன் போனைப் பற்றியும் கூடாத சேர்க்கை என்று தான் சொன்ன வார்த்தையைப் பற்றியும் சொன்னார். பிறகு ஃபாத்திஹா தன் வாயாலேயே, எங்கே வாங்கினாள், எத்தனை நாளாக ஊதினாள், ஷாமினி எதற்கு வந்தாள் என்று சொன்னாள். சொல்லி முடித்து ஷாமினி பக்கம் திரும்பினாள், ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றுவிட்டாள்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடந்தது நடந்துவிட்டது, பள்ளியின் பெயரும் முக்கியம், ஹாஜி சம்மதித்தால் இரண்டு பிள்ளைகளின் கோப்புகளையும் இன்றோடு மூடிவிடலாம், யாருக்கும் எந்தத் தண்டனையும் வேண்டாம் என்று மலாயில் மென்மையாகச் சொன்னார். பூசி மெழுகுவதில் அவர் கெட்டிக்காரர். ஹனிபாவும் இத்தனை நாள் அதே வேலையைச் செய்தவர்தானே.

திருச்செல்வம் அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று தமிழில், ஹனிபாவிடம் மட்டும் சொல்வதுபோலச் சொன்னார். "நான் ரெண்டு பேரு பேரையும் எழுதினேன் பாய். ஒரு பேர எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன். அந்தப் பொண்ணு என்னோடது இல்ல சார், இல்ல சார்னு மூணு தடவ சொல்லுச்சு. நான் அதையும் திமிருன்னு எழுதி வெச்சேன். இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல எவ்வளவோ புள்ளைங்களுக்கு லெட்டர் எழுதியிருக்கேன். இத எழுதின கையோட வீட்டுக்குப் போயி சோறு சாப்பிட்டேன், அதான் எனக்கே இப்ப..." மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹனிபா முதல்வரிடம் திரும்பினார். இந்த முறை நிமிர்ந்து, நிதானமாகச் சொன்னார். கோப்புகளை மூட வேண்டாம். ஷாமினியின் பெயரைத் திருத்தி, அவள் குற்றமற்றவள் என்று எழுத்தில் கொடுங்கள். அவள் இழந்த பாடத்தை யார் சொல்லிக் கொடுப்பது என்று இங்கேயே முடிவு செய்யுங்கள். என் மகளுக்கு என்ன தண்டனை சட்டத்தில் இருக்கிறதோ, ஒரு நாள் குறையாமல் கொடுங்கள். சங்கப் பதவிக்கு வேறு ஆளைப் பாருங்கள். இதைச் சொல்லிவிட்டு, மீனம்மாவுக்கும் புரியட்டும் என்று தமிழுக்கு மாறினார்.

"என் மகளுக்கு வந்த தண்டனைய நான் ஒரு போன்ல இல்லாம ஆக்கிட்டேன்னு நெனச்சேன். அது இல்லாமப் போகல. கேக்க ஆளில்லாத ஒரு புள்ள முதுகுல போயி விழுந்துச்சு. எந்தத் தகப்பனும் இனிமே இந்தத் தப்ப செய்யக் கூடாது. பெத்த புள்ள தப்புப் பண்ணா, அதுக்கு உள்ள தண்டனைய வாங்கிக் குடுத்துட்டு, பக்கத்துல நிக்கிறவன்தான் தகப்பன். தட்டிவிடறவன் ரெண்டு புள்ளைங்களையும் கெடுத்துடறான்."

முதல்வர் கணினியைத் தன் பக்கம் திருப்பி, திருச்செல்வத்தைப் பக்கத்தில் வரச் சொல்லி, பதிவைத் திருத்தச் சொன்னார். ஃபாத்திஹாவுக்குப் பதினான்கு நாள் இடைநீக்கம், மறுநாளிலிருந்து. ஷாமினி அன்றைக்கே வகுப்புக்குப் போகலாம். அவள் தவறவிட்ட பாடங்களைத் தினமும் சாயங்காலம் தானே உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதாகத் திருச்செல்வம் சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் ஃபாத்திஹா ஷாமினியிடம் "சோரி லா" என்றாள். ஷாமினி பதில் சொல்லவில்லை. கோபம்தான் என்று சொல்ல முடியாது. மூன்று வாரமாகச் சொல்லிச் சொல்லி யாரும் கேட்காமல் போனதில் அவளுக்குப் பேசுகிற ஆசையே விட்டுப்போயிருந்தது. புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வகுப்பு இருக்கும் பக்கம் போகத் திரும்பினாள்.

ஹனிபா இரண்டு கையையும் கூப்பினார். "என்னை மன்னிச்சிடுங்க மீனம்மா. என்ன செஞ்சு இத ஈடு கட்டறதுன்னு எனக்குத் தெரியல."

மீனம்மா அவரைப் பார்க்கவில்லை. மகளின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சமும் உயராத குரலில் சொன்னாள்.

"ஸ்கூல் சொன்னா உண்மைன்னு நம்பினேன் பாய். நீங்க எழுதினா உண்மைன்னு நம்பினேன். நான் பெத்த மக சொன்னத மட்டும் பொய்யின்னு அடிச்சேன். உங்கள மன்னிக்கறது இருக்கட்டும். முதல்ல அது என்னை மன்னிக்கட்டும்."

சொல்லிவிட்டு, "ஷாமினி, நில்லு" என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் நடைபாதையில் மகளின் பின்னால் வேகமாகப் போனாள்.